ஹரி ஃபேர்குசன்: வன்னியின் உழவு இயந்திரத்திலிருந்து கல்கிசையின் ஜீப் வரை

கல்கிசையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் மழைக்காலத்தில் வாகனம் ஓட்டியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். இறங்கிப் போவதில் சிரமமில்லை. திரும்பி ஏறும்போதுதான் சிக்கல். ஈரமான தார், அதன்மேல் கடற்காற்று கொண்டுவந்து போட்ட மெல்லிய மணல், நடுவில் ரயில் தண்டவாளம். மேலே காலி வீதியில் இரண்டு பஸ்களுக்கு இடையில் சிறு இடைவெளி கிடைக்கிறது. அவசரமாக அழுத்தினால் காரின் முன்சில்லு ஒரு கணம் சும்மா சுற்றுகிறது. அதற்குள் அடுத்த பஸ் வந்துவிடுகிறது.

பின்னால் நிற்கும் உயரமான எஸ்.யு.வி. வாகனம் அதே இடத்தில் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஏறிப் போகிறது. அதன் பின்கதவில் ஏ.டபிள்யூ.டி. என்ற மூன்று எழுத்துகள் ஒட்டப்பட்டிருக்கும். நான்கு சில்லுகளுக்கும் இயந்திரத்தின் பலம் போகிறது என்பதுதான் அதன் பொருள்.

கரடுமுரடான காட்டுப் பாதைக்காக அல்லாமல், சாதாரண தார் வீதியில் சாதாரண மனிதர்கள் பாதுகாப்பாக ஓடுவதற்காக நான்கு சில்லு இயக்கத்தைக் கொண்டுவர வேண்டும் என்று தன் வாழ்வின் கடைசிப் பத்து வருடங்களைச் செலவிட்டவர் ஓர் அயர்லாந்து விவசாயியின் மகன். அவருடைய பெயர் நமக்குப் புதியதல்ல. கொழும்பின் வாகன விற்பனை நிலையங்களில் அந்தப் பெயரைக் காண முடியாது. ஆனால் வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை வீடுகளில் இருப்பவர்கள் பலர் அந்தப் பெயரைச் சிவப்பு நிற உழவு இயந்திரத்தின் முகப்பில் பார்த்து வளர்ந்தவர்கள். மசி ஃபேர்குசன் என்ற பெயரில் இரண்டாவதாக நிற்கும் ஃபேர்குசன்தான் அவர்.

பண்ணையை வெறுத்த பையன்

ஹென்றி ஜோர்ஜ் ஃபேர்குசன் 1884 நவம்பர் 4 ஆம் திகதி அயர்லாந்தின் வடகிழக்கில், டவுன் மாவட்டத்தில் ட்ரோமோர் அருகே உள்ள குரோவல் என்ற இடத்தில் பிறந்தார். எல்லோரும் அவரை ஹரி என்றே அழைத்தார்கள். பதினொரு பிள்ளைகள் இருந்த வீடு. தந்தை கண்டிப்பான சமயப்பற்று உள்ள விவசாயி. ஹரிக்கு அந்தக் கண்டிப்பும் பிடிக்கவில்லை, பண்ணை வேலையும் பிடிக்கவில்லை. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். கனடாவுக்குக் கப்பலேறிவிடலாம் என்று எண்ணியிருந்த நேரத்தில், 1902 இல், மூத்த சகோதரர் ஜோ பெல்பாஸ்டில் நடத்திய வாகனத் திருத்தகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய கை எதற்குப் பொருத்தமானது என்பது தெரிந்துவிட்டது. இயந்திரங்களைத் திருத்தினார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் கார் பந்தயங்களிலும் ஓடினார். விமானம் என்ற புதுப்பொருள் ஐரோப்பாவில் பேசப்படத் தொடங்கியபோது தானே ஒன்றை வடிவமைத்துக் கட்டினார். 1909 டிசெம்பர் 31 ஆம் திகதி, கடும் காற்றில், ஹில்ஸ்பரோவில் அது நிலத்தை விட்டு எழுந்து சுமார் 120 மீற்றர் பறந்தது. அயர்லாந்து மண்ணில் விமானத்தில் பறந்த முதல் மனிதர் என்று அவர் பதிவானார்.

பின்னர் சொந்தமாக வாகன வியாபாரம் தொடங்கினார். இந்தக் காலத்து அவருடைய வாழ்வில் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டுப் போக முடியாது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கப்படுவதை வடகிழக்கின் புரட்டஸ்தாந்தர்கள் எதிர்த்துத் தொண்டர் படை அமைத்த காலம் அது. 1914 ஏப்ரலில் அந்தப் படைக்காக லார்ன் துறைமுகத்தில் இரகசியமாகத் துப்பாக்கிகள் இறக்கப்பட்டன. அந்த வேலையில் ஃபேர்குசனுக்கும் பங்கு இருந்தது. சில ஆண்டுகளில் அந்தத் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதன் காயங்கள் ஆறப் பல தலைமுறைகள் எடுத்தன. ஃபேர்குசனின் பெயர் நிலைத்தது ஆயுதத்தால் அல்ல, கலப்பையால்.

கவிழ்ந்த இயந்திரங்கள்

முதலாம் உலகப் போரில் கடல்வழி உணவு வரவு தடைப்பட்டது. உள்ளூரில் விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்ற அவசரத்தில் உழவு இயந்திரங்கள் இறக்குமதி செய்யப்பட்டன. அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை 1917 இல் அரசு ஃபேர்குசனிடம் கொடுத்தது. தன் உதவியாளர் வில்லி சான்ட்ஸுடன் அவர் பண்ணை பண்ணையாகப் போனார்.

அவர் கண்டது இதுதான். குதிரைக்குப் பின்னால் கலப்பையைக் கட்டுவதுபோல இயந்திரத்தின் பின்னாலும் கலப்பையைச் சங்கிலியால் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஈர நிலத்தில் சில்லு சுழன்று புதைந்தது. புதையாமல் இருக்க இயந்திரத்தை மேலும் பாரமாகச் செய்தார்கள். பாரம் கூடியபோது மண் இறுகியது, எரிபொருள் வீணானது. எல்லாவற்றிலும் மோசமானது வேறொன்று. நிலத்துக்குள் இருந்த கல்லில் கலப்பை மாட்டிக்கொண்டால், முன்னேற முடியாத இயந்திரம் முன்பக்கம் நிமிர்ந்து அப்படியே பின்னால் கவிழும். ஓட்டியவர் அடியில் நசுங்கிப் போவார்.

ஃபேர்குசனும் சான்ட்ஸும் பல வருடங்கள் முயன்று கண்டுபிடித்த தீர்வு இன்று நம் ஊர் உழவு இயந்திரங்கள் எல்லாவற்றின் பின்புறத்திலும் இருக்கிறது. கலப்பையைப் பிடித்துத் தூக்கும் அந்த மூன்று இரும்புக் கைகள்தான் அது. கீழே இரண்டு கைகள் இழுக்கும். மேலே உள்ள மூன்றாவது கை முன்னோக்கித் தள்ளி, இயந்திரத்தின் மூக்கு நிமிராமல் அழுத்திப் பிடிக்கும். கலப்பைக்கு எதிர்ப்புக் கூடினால் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பாகம் கலப்பையைச் சற்றே தூக்கும். அப்போது கலப்பையின் பாரமும் மண்ணின் இழுவையும் பின்சில்லுகளின்மேல் வந்து விழும். பிடி எப்போது தேவையோ அப்போது மட்டும் பாரம் கிடைக்கும். இயந்திரம் இலேசாகவே இருக்கலாம். கவிழ்வதற்கும் அவ்வளவு இலகுவில் இடமில்லை. 1926 இல் இதற்கான காப்புரிமை அவருக்குக் கிடைத்தது.

1933 இல் கறுப்பு வர்ணம் பூசிய ஒரு மாதிரி இயந்திரத்தை பெல்பாஸ்டில் கட்டினார். 1936 இல் டேவிட் பிரவுன் நிறுவனத்துடன் சேர்ந்து இங்கிலாந்தில் உற்பத்தி தொடங்கினார். ஆனால் விலை கூடுதலாக இருந்ததால் விற்பனை மந்தம். 1938 இலையுதிர்காலத்தில் தன் இயந்திரம் ஒன்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், கார் உலகின் பெரும் புள்ளியான ஹென்றி ஃபோர்டின் வீட்டு வயலில் உழுது காட்டினார். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசிக் கைகுலுக்கினார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. அந்தக் கைகுலுக்கலின் பேரில் 1939 முதல் 1947 வரை மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இயந்திரங்கள் அமெரிக்காவில் உற்பத்தியாகின.

முதியவர் ஃபோர்டுக்குப் பின் நிறுவனத்தைப் பொறுப்பெடுத்த பேரன் அந்த உடன்பாட்டைக் கைவிட்டார். ஆனால் ஃபேர்குசனின் முறையைப் பயன்படுத்துவதை நிறுத்தவில்லை. 1948 இல் ஃபேர்குசன் 251 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். நான்கு வருட இழுபறிக்குப் பின் 1952 இல் 9.25 மில்லியன் டொலருடன் சமரசம் ஏற்பட்டது. வாயால் சொன்ன சொல்லை நம்பிய மனிதருக்கு அது பெரிய பாடம். ஆனாலும் அடுத்த வருடமே தன் நிறுவனத்தைக் கனடாவின் மசி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தபோது, விலையில் ஒரு மில்லியன் டொலர் வேறுபாட்டைத் தீர்க்க நாணயம் சுண்டிப் பார்க்கச் சம்மதித்தார். தோற்றார். தோற்றதைச் சிரித்துக்கொண்டே ஏற்றார் என்று சொல்வார்கள்.

இதற்கிடையில் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை சாம்பல் நிறத்தில் அவருடைய சிறிய உழவு இயந்திரம் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டு உலகெங்கும் போனது. ஏறக்குறைய ஒரு தொன் பாரம்தான். சிறு விவசாயி வாங்கக்கூடிய விலை. உணவு மலிந்தால் பசியும் சண்டையும் குறையும் என்று அவர் உறுதியாக நம்பினார். அரசியல்வாதிகளுக்கும் தொழிலதிபர்களுக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சலிப்பூட்டினார்.

வன்னிக்கு வந்த பெயர்

இணைந்த நிறுவனம் பின்னர் மசி ஃபேர்குசன் என்ற பெயரைப் பெற்றது. சென்னையில் 1960 இல் தொடங்கப்பட்ட டஃபே நிறுவனம் அதே வடிவமைப்பில் உழவு இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இலங்கைக்கு வந்த இந்தச் சிவப்பு இயந்திரங்கள் வன்னியின் வயல்களில் உழுதன, களத்தில் சூடடித்தன, பின்னால் பெட்டியைப் பூட்டினால் நெல் மூட்டையும் ஏற்றின. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சனத்தையும் ஏற்றிச் சென்றன. பஸ் போகாத ஊருக்கு அதுதான் பஸ்.

பின்னர் அதே பெட்டிகளில் வீடுகளே ஏறின. 2007 முதல் 2009 வரை மன்னார்ப் பக்கத்திலிருந்து அக்கராயனுக்கும், அங்கிருந்து கிளிநொச்சிக்கும், தருமபுரத்துக்கும், விசுவமடுவுக்கும், புதுக்குடியிருப்புக்கும் என்று சனங்கள் நகர்ந்தபோது, கூரைத் தகடும் கதவும் யன்னலும் அடுப்பும் ஆடும் கோழியும் வயோதிபரும் ஒரே பெட்டியில் இருந்தார்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த மழையில் பாதைகள் சேறாகின. இரண்டு பின்சில்லுகள் மட்டும் இழுக்கும் இயந்திரம், பின்னால் ஒரு குடும்பத்தின் முழுச் சொத்து. சில்லு சுழலத் தொடங்கினால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். இறங்கி நிற்பதே ஆபத்தான இடங்களும் இருந்தன. சில்லுக்கும் நிலத்துக்கும் இடையிலான பிடி என்பது என்னவென்று அந்தச் சேற்றில் நின்றவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. போர் முடிந்த பின் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் குவிந்து துருப்பிடித்துக் கிடந்த வாகனங்களுக்குள் உழவு இயந்திரங்களும் இருந்தன.

தார் வீதிக்கு நான்கு சில்லு

உழவு இயந்திரத் தொழிலிலிருந்து விலகியபோது ஃபேர்குசனுக்கு ஏறக்குறைய எழுபது வயது. ஓய்வெடுத்திருக்கலாம். அவர் அதற்கு முன்பே வேறொன்றில் இறங்கியிருந்தார். பந்தய வீரர்களான ஃபிரெடி டிக்சனும் டோனி ரோல்ட்டும் நான்கு சில்லாலும் இழுக்கும் கார் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1950 இல் அவர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். அஸ்டன் மார்ட்டினில் இருந்த கிளோட் ஹில் தலைமைப் பொறியியலாளராக வந்தார். நோக்கம் பந்தயம் அல்ல. குடும்பத்தோடு போகும் சாதாரண கார் மழையில் வழுக்கி மோதக் கூடாது. அவ்வளவுதான்.

நான்கு சில்லு இயக்கம் அப்போதே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் ஜீப் அப்படிப்பட்டதுதான். ஆனால் அது சேற்றுக்கு உரியது. வளைவில் திரும்பும்போது முன்சில்லுகள் பெரிய வட்டத்தில் ஓடும், பின்சில்லுகள் சிறிய வட்டத்தில் ஓடும். இரண்டையும் இறுக்கமாகப் பிணைத்துவிட்டால் ஏதாவது ஒன்று தேய்ந்து இழுபட வேண்டும். சேற்றில் அது வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தாரில் ரயர் கத்தும், பற்சக்கரம் முறியும். இன்றும் பழைய பிக்கப், ஜீப் வைத்திருப்பவர்கள் தார் வீதியில் அந்த நெம்பை இரண்டு சில்லு இயக்கத்தில் வைத்து ஓட்டுவது இதனால்தான்.

முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வேக வேறுபாட்டை அனுமதிக்கும் பற்சக்கரத் தொகுதி ஒன்றை வைத்தால் அந்தச் சிக்கல் தீரும். ஆனால் இன்னொன்று வரும். ஒரு சில்லு வழுக்கினால் பலம் முழுவதும் அந்தச் சில்லுக்கே ஓடிப்போய் வீணாகும். ஃபேர்குசனின் குழு செய்தது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. வளைவுக்குத் தேவையான சிறிய வேறுபாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தானாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். சாரதி எந்த நெம்பையும் தொட வேண்டியதில்லை. எப்போதும் நான்கு சில்லும் வேலை செய்யும். இதைப் பொருத்திய மாதிரிக் கார்களைச் செய்து, பிறேக் பூட்டிக்கொண்டு சில்லு வழுக்காமல் தடுக்கும் கருவியையும் சேர்த்துச் சோதித்தார்கள்.

பிரித்தானியக் கார் நிறுவனங்களிடம் ஃபேர்குசன் வருடக்கணக்காக அதை எடுத்துச் சொன்னார். சாதாரணக் காருக்கு இது செலவு கூடிய விடயம் என்று அவர்கள் ஒதுங்கினார்கள். ஃபேர்குசனுக்கு நீண்ட காலமாகவே மனச்சோர்வு வந்து வந்து போகும் நோய் இருந்தது. 1960 ஒக்டோபர் 25 ஆம் திகதி ஸ்டோ ஒன் த வோல்ட் அருகே இருந்த தன் வீட்டில் இறந்தார். அளவுக்கு மீறிய தூக்க மருந்து உடலில் இருந்தது. அது தவறுதலா, அவரே எடுத்த முடிவா என்று விசாரணையில் தீர்மானிக்க முடியவில்லை.

பதினொரு மாதங்கள் கழித்து, 1961 செப்ரெம்பர் 23 ஆம் திகதி, இங்கிலாந்தின் ஓல்டன் பார்க்கில் ஈரமான ஓடுபாதையில் ஒரு ஃபோர்முலா வன் பந்தயம் நடந்தது. ஃபேர்குசன் பி99 என்ற நான்கு சில்லு இயக்கக் காரை ஸ்டேர்லிங் மொஸ் ஓட்டி வென்றார். நான்கு சில்லு இயக்கக் கார் வென்ற ஒரே ஃபோர்முலா வன் பந்தயம் இன்றுவரை அதுதான். 1966 இல் ஜென்சன் எஃப்.எஃப். என்ற கார் அவருடைய முறையோடு விற்பனைக்கு வந்தது. அந்தப் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகள் ஃபேர்குசன் ஃபோர்முலா என்பதைக் குறித்தன. ஆனால் விலை உயர்ந்த அந்தக் கார் மொத்தம் 320 தான் செய்யப்பட்டது.

பின்னர் ரோல்ட்டின் நிறுவனம் தடித்த சிலிக்கோன் திரவத்துக்குள் மெல்லிய தகடுகளை அடுக்கிய ஓர் இணைப்பை வளர்த்தெடுத்தது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழன்றால் திரவம் சூடாகித் தகடுகளைப் பிணைக்கும். 1980 களிலும் 1990 களிலும் அது பல நிறுவனங்களின் வாகனங்களுக்குள் போனது. இன்றைய எஸ்.யு.வி.களில் அந்த வேலையைக் கணினி கட்டுப்படுத்தும் கிளச் தகடுகளும், ஹைபிரிட் வாகனங்களில் பின்சில்லுக்கென்று வைத்த தனி மின்மோட்டரும் செய்கின்றன. கேள்வி மட்டும் ஃபேர்குசன் கேட்ட அதே கேள்விதான்: பிடி எந்தச் சில்லில் இருக்கிறது, பலத்தை எங்கே அனுப்புவது?

கொழும்பில் அது எதற்கு உதவும்

கொழும்பில் இந்த வாகனங்கள் பெரும்பாலும் அந்தஸ்தின் அடையாளமாகவே பார்க்கப்படுகின்றன. அமைச்சர்களின் தொடரணியில் போகும் உயரமான வாகனம் நம் சனங்களின் மனதில் வேறு நினைவுகளையும் எழுப்பும். அதை ஒருபுறம் வைத்துவிட்டு, நாளாந்த ஓட்டத்துக்கு இதனால் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

நின்ற இடத்திலிருந்து ஈர வீதியில் புறப்படும்போது உதவும். கல்கிசை ஒழுங்கையின் மணல் ஏற்றத்திலும், கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டுத் தெருக்களிலும், நனைந்த தண்டவாளத்தின் மேலும் இதை உணரலாம். திரும்பிக்கொண்டே வேகமெடுக்கும்போதும் உதவும். சாதாரணக் காரில் முன்சில்லுகளே திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இழுக்கும் வேலையில் ஒரு பங்கைப் பின்சில்லுகள் எடுத்துக்கொண்டால் முன்சில்லுகளுக்குத் திரும்புவதற்கான பிடி கூடுதலாக மிஞ்சும்.

உதவாத இடங்களும் உண்டு. பிறேக் பிடிக்கும்போது வாகனம் விரைவாக நிற்காது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சில்லிலும் பிறேக் உண்டு. நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது ரயரும் வேகமும்தான். வழுக்காமல் புறப்பட்டோம் என்ற தைரியத்தில் வேகமாக ஓடுபவர் நிற்கும்போது ஏமாறுவார். வெள்ளத்திலும் இது உதவாது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கண்டதுபோலத் தண்ணீர் உயர்ந்தால், இயந்திரம் காற்றை இழுக்கும் குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே கேள்வி.

பாவித்த வாகனம் வாங்குபவர்கள் மேலும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். நான்கு ரயரும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்தோடும் இருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க இரண்டை மட்டும் மாற்றினால், சிறிய சில்லும் பெரிய சில்லும் வேறு வேகத்தில் சுழன்று நடு இணைப்பை ஓயாமல் சூடாக்கும். அதைத் திருத்தும் செலவு நான்கு ரயரின் விலையை விட அதிகமாகலாம். வழியில் நின்றுவிட்டால் இரண்டு சில்லை மட்டும் தூக்கிக் கட்டி இழுக்க விடக் கூடாது, முழுதாக ஏற்றிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். எரிபொருளும் சற்றுக் கூடுதலாகப் போகும். பெரும்பாலும் காலி வீதி நெரிசலில் மட்டும் ஓடும் குடும்பத்துக்கு நல்ல ரயர் போட்ட சாதாரணக் காரே போதும். மலைநாட்டுக்கும், மழையில் ஊருக்கும் அடிக்கடி போய் வருபவர்களுக்குத்தான் இந்தச் செலவு பயன் தரும்.

ஃபேர்குசன் விரும்பியது விலை குறைந்த குடும்பக் காரில் இது இருக்க வேண்டும் என்பதை. அவர் இறந்து அறுபது வருடங்களுக்கு மேலாகியும், நம் நாட்டில் அது வசதி உள்ளவர்களின் வாகனத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அவருடைய மற்ற வேலை மட்டும் சிறு விவசாயியின் கைக்கு வந்து சேர்ந்தது. மீள்குடியேறிய வன்னியில், எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்கள் மறுபடி நெல் விதைத்தபோது, கலப்பையைத் தூக்கிப் பிடித்தவை அந்த மூன்று இரும்புக் கைகளே. இம்முறை மாரி உழவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் உழவு இயந்திரத்தின் பின்பக்கம் போய் அவற்றை ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம்.